மனையியல் சேரலாமா? மூன்று வருஷம் படித்து முடித்தவளின் மதிப்பீடு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்கள் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் "அக்கா, நீங்க படிச்ச கோர்ஸ் எப்படிக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தரிடமும் வாசலில் நின்று சொல்வதற்குப் பதில் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சேலத்தில் ஒரு கல்லூரியில் 2022இல் சேர்ந்து 2025இல் பி.எஸ்ஸி. மனையியல் முடித்தேன். கல்லூரியின் பெயரைப் போடப்போவதில்லை, ஏனென்றால் கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

மனையியல் என்றால் கேக் செய்வது, பூத்தையல் போடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். "சோறாக்கறதுக்கு எதுக்கு சாமி காலேஜு, உங்கம்மாகிட்டக் கத்துக்க மாட்டியா?" என்றார். சமையலும் தையலும் இருக்கத்தான் செய்கின்றன, நன்றாகவும் சொல்லித்தருகிறார்கள், அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது மற்ற மூன்றைப் பற்றி: குடும்பப் பண நிர்வாகம், நுகர்வோர் கல்வி, வீட்டமைப்பு. இந்தக் கோர்ஸில் காசு கொடுத்துப் படிக்கும் அளவுக்கு உருப்படியானது இந்த மூன்றும்தான், அதிலும் பாதிதான். அந்தப் பாதி எது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு இரண்டு விதமாகப் பாடம் நடக்கும். ஒன்று, மேடம் நோட்ஸ் வாசிக்க நாங்கள் எழுதுவது. இன்னொன்று, "நோட்டை மூடுங்க, வீட்ல இருந்து கொண்டுவந்த காகிதத்தை எடுங்க" என்று ஒரு மேடம் ஆரம்பிப்பார் பாருங்கள், அது. கரண்ட் பில், நகைக்கடை ரசீது, லோன் பேப்பர், வாடகை ஒப்பந்தம், மிக்ஸி வாரண்டி கார்டு, எது கிடைத்தாலும் சரி. மூன்று வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வகையில் வந்ததுதான்.

முதல் செமஸ்டர் ரெக்கார்டு வேலையே ஒரு மாச வீட்டுக் கணக்கு. ஒரு ரூபாய் விடாமல் எழுத வேண்டும். நான் அரசுப் பள்ளியில் படித்தவள், அதனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் அக்கவுண்டில் விழும். அந்த ஆயிரத்துக்குக் கணக்கு எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தேன். மேடம் விடவில்லை, மொத்தக் குடும்பத்துக்கும் எழுதச் சொன்னார். எழுதப் போனால்தான் தெரிகிறது, எங்கள் வீட்டில் பட்டறைக் காசும் வீட்டுக் காசும் ஒரே ஹார்லிக்ஸ் டப்பாவில் கிடக்கிறது. பட்டறை ஆட்களுக்கு டீ, சாயங்காலம் வாங்கும் தட்டுவடை செட், எனக்குப் பஸ் காசு, கரி, ஆசிட், தம்பிக்கு ரீசார்ஜ், எல்லாம் அதே டப்பாவிலிருந்துதான். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது 4300 ரூபாய்க்குக் கணக்கே இல்லை. யாரும் திருடவில்லை, யாருக்கும் நினைவில்லை, அவ்வளவுதான். வருமானம் கூடக் கூடச் சாப்பாட்டுச் செலவின் பங்கு குறையும் என்று 1857இல் எர்ன்ஸ்ட் ஏங்கல் சொன்ன விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். பட்டறையில் ஆர்டர் இல்லாத ஆடி மாசக் கணக்கில் மளிகையும் அரிசியும் பாதிக்கு மேல் போயிருந்ததைப் பார்த்த பிறகு அந்த மனப்பாடம் தேவைப்படவில்லை.

இரண்டாம் வருஷம் லோன் பேப்பர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பா வெள்ளிக் கட்டி வாங்கினால் டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று, பார்க்காமல் வாங்க மாட்டார். இருபது வருஷம் பழகிய வியாபாரியாக இருந்தாலும் சரி, டச் பார்க்கும் கடையில் கொடுத்து, சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் காசை எண்ணுவார். அப்படிப்பட்ட மனுஷன், மெஷினுக்கு ஒரு லட்சம் கடன் வாங்கியபோது, அந்த ஆபீஸ்காரர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த பதினாலு இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் எண்ணினேன், பதினாலு. வட்டி எவ்வளவு என்று கேட்டால் "பன்னெண்டு பர்சென்ட்" என்றார். மூன்று வருஷம், மாசம் 3778.

அதை வகுப்பில் போட்டுப் பார்த்தோம். அந்தப் பன்னிரண்டு ஃப்ளாட் ரேட். அதாவது மாசாமாசம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், முப்பத்தாறாவது மாசம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். வருஷத்துக்கு 12000, மூன்று வருஷத்துக்கு 36000. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் அதே தவணைக்கு வட்டி 21 சதவீதத்துக்கும் மேல். வெளியில் "ரெண்டு வட்டி"க்கு வாங்கினால் வருஷத்துக்கு 24 என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அதைக் கொள்ளை என்பார்கள். இது ஏசி ரூமில் உட்காரவைத்துத் தண்ணி பாட்டில் கொடுத்து வாங்கும் 21, அதனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபருக்குக் கடன் கொடுக்கும்போது எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஒரே வருடாந்திர விகிதமாகக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அப்பா வாங்கியது அதற்கு முன்னால். ஆனால் இனிமேல் வாங்குகிறவர்கள் அந்த ஒரு தாளைக் கேளுங்கள், மற்ற நாற்பது பக்கத்தை அப்புறம் பார்க்கலாம்.

வீட்டுக் கடனும் இப்படித்தான் போட்டுப் பார்த்தோம். 20 லட்சம், எட்டரை சதவீதம், 20 வருஷம் என்றால் தவணை ஏறக்குறைய 17357 வரும். மொத்த வட்டி 21 லட்சத்து 65 ஆயிரத்துக்குப் பக்கம், அதாவது வட்டியே அசலைத் தாண்டிவிடும். அதே கடனை 15 வருஷத்தில் அடைத்தால் தவணை 19695. மாசம் 2338 ரூபாய் கூடக் கட்டினால் வட்டியில் ஆறு லட்சத்துக்கு மேல் மிச்சம். இதைப் போர்டில் போட்டபோது பின்வரிசையில் ஒருத்தி "ஆறு லட்சமா!" என்று கத்தியேவிட்டாள், ஏனென்றால் அவர்கள் வீட்டில் அந்த மாசம்தான் 20 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அம்மாவின் தீபாவளிச் சீட்டும் வகுப்புக்கு வந்தது, மஞ்சள் அட்டை நோட்டோடு. சீட்டு நிதிச் சட்டம் 1982இலிருந்து இருக்கிறது, சீட்டு நடத்துகிறவர் பதிவு செய்ய வேண்டும், கமிஷன் 5 சதவீதமாக இருந்து 2019 திருத்தத்தில் 7 ஆனது, இதெல்லாம் பாடம். எங்கள் தெரு அக்கா நடத்தும் சீட்டுக்குப் பதிவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மேடம் "போடாதே" என்று சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. "உங்கம்மா கட்டின காசுக்கு உங்கம்மா கையில என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நோட்டைப் புரட்டினேன். டிக் மார்க் இருந்தது. கையெழுத்து ஒரு இடத்திலும் இல்லை. இப்போது ஒவ்வொரு மாசமும் அக்கா கையெழுத்துப் போடுகிறார், என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இந்தப் பேப்பரில் குறை என்றால், இன்சூரன்ஸுக்கு எட்டு விதமாக இலக்கணம் (டெஃபனிஷன்) எழுதச் சொல்கிறார்கள், மியூச்சுவல் ஃபண்டுக்கு அரைப் பக்கம். போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்கிறவனைப் பற்றி, ஏமாந்தால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. செக் புத்தகத்தை எப்படி நிரப்புவது என்று மட்டும் ஒரு முழுப் பாடம்.

சரி, நுகர்வோர் கல்விக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம். எங்களுக்குக் கொடுத்த நோட்ஸ் 1986 சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில், நாங்கள் சேர்ந்ததே 2022. இண்டர்னல் பரீட்சையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எவ்வளவு தொகை வரை வழக்குப் போடலாம் என்று ஒரு கேள்வி. 50 லட்சம் என்று எழுதினேன். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள், அவர்கள் நோட்ஸில் 20 லட்சம். புதுச் சட்டம் வந்தபோது ஒரு கோடி என்று இருந்தது, 2021 கடைசியில் வந்த விதிகளில் 50 லட்சமாகக் குறைத்தார்கள் என்று போனில் எடுத்துக் காட்டினேன். "சிலபஸ்ல என்ன இருக்கோ அதை எழுதும்மா" என்றார்கள். நுகர்வோர் உரிமை நடத்துகிற வகுப்பில்! தகவல் பெறும் உரிமை, குறை கேட்கப்படும் உரிமை என்று, அமெரிக்க அதிபர் கென்னடி நுகர்வோர் உரிமைகளை அறிவித்த காலத்திலிருந்து வரிசையாக எழுதவைத்துவிட்டு.

இதற்காகக் கல்லூரி மேலேயே வழக்குப் போடலாமா என்று விளையாட்டாக அந்தக் காகித மேடத்திடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகம், சுர்ஜீத் கவுர் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தேடிப் படிக்கச் சொன்னார். படித்தேன். பரீட்சை, பட்டம் இந்த விஷயத்தில் மாணவர் நுகர்வோர் கிடையாதாம். ஆக மூன்று வருஷம் நுகர்வோர் உரிமை படித்த நான் அந்த வகுப்புக்கு நுகர்வோரே இல்லை. போன மார்க் போனதுதான்.

ஆனால் அதே பேப்பரின் செய்முறைப் பகுதி தங்கம். ஆளுக்கொரு உண்மையான புகாரைக் கடைசி வரை கொண்டுபோக வேண்டும் என்று ஒரு வேலை. எனக்கு அம்மாவின் மிக்ஸி. வாங்கி ஒன்றரை வருஷம், மோட்டார் போய்விட்டது, வாரண்டி இரண்டு வருஷம். கடைக்காரர் (பெயர் வேண்டாம்) "அரிசி அரைச்சிருப்பீங்கம்மா, அதுக்கெல்லாம் வாரண்டி வராது" என்றார். அரிசி அரைக்காத மிக்ஸியைத் தமிழ்நாட்டில் யார் வாங்குகிறார்கள் என்று தெரியவில்லை. வாரண்டி கார்டைக் கண்ணாடி வைத்துப் படித்தோம், அரிசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1915க்குக் கூப்பிட்டோம், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தமிழிலேயே பேசினார்கள், பில் நம்பரும் தேதியும் கேட்டுப் பதிவு செய்துகொண்டு எண் கொடுத்தார்கள். பதினெட்டாம் நாள் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து மோட்டாரை மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனார். பில் இருந்ததால் நடந்தது. அந்தப் பில் எங்கே இருந்தது தெரியுமா, அரிசி டப்பாவுக்குள்.

உதவி எண்ணில் வேலை ஆகாவிட்டால் அடுத்து ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் கிடையாது, பிரச்சினை வந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சென்னையில் இருக்கும் கம்பெனி மேல் சேலத்தில் குடியிருக்கிறவர் சேலத்திலேயே போடலாம், அது 2019 சட்டத்தில் வந்த வசதி. ஆணையத்தை நேரில் பார்க்கக் கூட்டிப்போவதாக முதல் வருஷம் சொன்னார்கள். இரண்டாம் வருஷமும் சொன்னார்கள். மூன்றாம் வருஷம் நாங்களே கேட்பதை நிறுத்திவிட்டோம்.

தங்க நகை பில்லும் ஒரு நாள் வந்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எண்ணெழுத்துக் குறியீடு இருக்க வேண்டும், பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கடைக்குச் செய்தது, என்ன தரம் என்று வந்துவிடும். வீட்டில் வந்து அம்மாவின் புது மோதிரத்தில் தேடினேன், லென்ஸ் இல்லாமல் தெரியவில்லை. அப்பாதான் பட்டறை லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு படித்துச் சொன்னார். அந்தக் கோர்ஸ் மேல் அவருக்கு முதல் முறையாக மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

கடைசியாக வீட்டமைப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த பேப்பர், பாதி பேருக்குப் பிடிக்காத பேப்பர், ஏனென்றால் வரைய வேண்டும். அறை என்று சொன்னால் குறைந்தது ஒன்பதரை சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது, சமையலறைக்கு ஐந்து சதுர மீட்டர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. வறண்ட வெக்கை ஊரில் ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒன்றாவது வேண்டும். எங்கள் பின்னறை பத்துக்குப் பதினொன்று, ஆக 110 சதுரடி. ஜன்னல் இரண்டுக்கு மூன்று, 6 சதுரடி. பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. அக்னி நட்சத்திரத்தில் அந்த அறையில் ஏன் தூங்க முடியவில்லை என்று இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது.

சமையலறையை நூல் வைத்து அளக்கும் பயிற்சி ஒன்று உண்டு. வரைபடத்தை அட்டையில் ஒட்டி, அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ், அம்மி எல்லா இடத்திலும் குண்டூசி குத்தி, அம்மா நடக்க நடக்க அந்த ஊசிகளைச் சுற்றி நூலை இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு காலைச் சமையல், இட்லியும் சட்னியும்தான், அட்டை முழுக்கச் சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு "இவ்வளவு தூரமா கண்ணு நடக்கறேன்?" என்றாள். அதைவிட முக்கியம், மேடை உயரம். எங்கள் மேடை 34 அங்குலம். அம்மா நாலடி பத்தங்குலம்தான். வேலை செய்யும் மேடை முழங்கைக்கு நாலைந்து அங்குலமாவது கீழே இருக்க வேண்டும், அம்மாவுக்கோ அது முழங்கையை ஒட்டி நிற்கிறது. அதனால் அவள் கல்யாணமான நாளிலிருந்து உட்காரும் மணையைத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் தோசை ஊற்றுகிறாள். நாங்கள் எல்லோரும் அதைத் தினமும் பார்த்தோம், ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மனையியல் படித்ததில் அந்த மணை கண்ணில் பட்டது.

வேலையை எளிதாக்க முண்டெல் சொன்ன ஐந்து வகை மாற்றங்கள் என்று ஐந்து மார்க் கேள்வி வரும். வருஷா வருஷம் வரும். படித்துக்கொள்ளுங்கள்.

மனை வாங்கும் பாடத்துக்காக ஏற்காடு அடிவாரம் வரை டவுன் பஸ்ஸில் போனோம். ஆளுக்கொரு மனை விளம்பரத் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். என் தாளில் "ஏற்காடு மலை வியூ, பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்" என்று இருந்தது. புது பஸ் ஸ்டாண்டில் ஏறி, கோரிமேடு தாண்டி, இறங்கி நடந்து மனையில் கால் வைக்க 52 நிமிடம். மலை வியூ மட்டும் உண்மை, சேலத்தில் எங்கே நின்றாலும் அது இலவசம். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்தால் ரெரா எண் (மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பதிவு எண்) இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்து விற்றால் ரெரா பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க" என்று அங்கிருந்த அண்ணன் சொன்னார். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறையின் அப்ரூவல், இருக்கிறதா என்று கேட்டோம். பேச்சை மாற்றி மோர் கொடுத்தார். மோர் நன்றாக இருந்தது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்று அன்றைக்கு லேபில் ஒவ்வொருத்தரும் அவரவர் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தோம். மூலப்பத்திரம், பட்டா, புலப்படம் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு அட்டவணை கொடுத்தார்கள், அதை இன்னும் வைத்திருக்கிறேன். செலவும் போட்டோம்: வழிகாட்டி மதிப்பு 12 லட்சம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 1 லட்சத்து 8 ஆயிரம், மனை விலைக்கு மேல். இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. வீடு கட்டிக் கொடுப்பதும் சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் வழக்குப் போடலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம், எம்.கே. குப்தா வழக்கில் 1993இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு பேப்பரும் கைகோக்கும் இடம் அது. ஆனால் இரண்டு பேப்பருக்கும் வேறு வேறு மேடம், ஒருத்தர் நடத்துவது இன்னொருத்தருக்குத் தெரியாது.

வேலை கிடைக்குமா என்றுதான் அடுத்துக் கேட்பீர்கள். இந்த டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு உடனே கிடைக்காது, பொய் சொல்ல விரும்பவில்லை. பி.எட். போனவர்கள் இருக்கிறார்கள், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒருத்தி இண்டீரியர் வேலையில் நன்றாக இருக்கிறாள். "ஆறு லட்சமா!" என்று கத்தியவள் வீட்டுக் கடன் ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்து இப்போது பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்டால் சிரிக்கிறாள். நான் பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு மேலே படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறேன். டப்பா இப்போது இரண்டு.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கல்லூரியில் விசாரிக்கும்போது கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்க்காமல், சீனியர் யாராவது ஒருத்தரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். உள்ளே ஒட்டிய பில், கிறுக்கிய கணக்கு, அழுக்கான வரைபடம் இருந்தால் சேருங்கள். அழகான கையெழுத்தில் இலக்கணம் மட்டும் இருந்தால் அந்த மூன்று வருஷத்தை வேறு எதற்காவது கொடுத்துக்கொள்ளலாம்.

என் நோட்டுகள் வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், 20 லட்சம் என்று இருக்கும் இடத்திலெல்லாம் அடித்து 50 என்று திருத்தியிருக்கிறேன். வீட்டமைப்பு ரெக்கார்டில் சமையலறைப் பக்கம் மட்டும் இருக்காது. மேடையை இறக்கிக் கட்ட அளவு வேண்டும் என்று அதைக் கிழித்துக்கொண்டு போன மேஸ்திரி பங்குனிக்குள் வருகிறேன் என்றார், ஆடி வரப்போகிறது, அம்மா இன்னும் மணை மேல்தான் நிற்கிறாள்.